ஸ்பேர் அறையை ஏலம் விடாதீர்கள்: நம் பழைய கார் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நீங்கள் அண்மையில் உறுப்பினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். சங்கத்தின் ஸ்பேர் அறையில் இருக்கும் உதிரி பாகங்கள் அத்தனையையும் ஒரே தொகுப்பாக ஏலம் விடப் போகிறோம், வரும் பணத்தை வருடாந்திரக் கண்காட்சிக்குச் செலவிடப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அறை வாடகை மிச்சமாகும், 'பயன்படாத பழைய இரும்பு' ஒழியும், கண்காட்சியை நட்சத்திர ஹோட்டலில் வைக்கலாம் என்பவை நீங்கள் காட்டும் காரணங்கள். பொதுக்குழுவைக் கூட்டவில்லை. அந்தப் பொருள்களைக் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயலாளருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த அறையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் குழுவில் புதிதாக வந்திருக்கும் சிலர் அதற்குள் கால் வைத்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். சென்னையில் செய்த நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின் கதவுகள், கண்ணாடியோடு. பத்மினியின் ஸ்டியரிங் தண்டில் வரும் கியர் இணைப்புகள். பழைய அம்பாசடர் கிரில். மோரிஸ் மைனரின் கதவுத் தூணிலிருந்து நீண்டு, திரும்பும் திசையைக் காட்டும் டிராஃபிகேட்டர் கைகள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் செய்த டைனமோக்கள், ஸ்டார்ட்டர் மோட்டார்கள். சோலக்ஸ் கார்ப்ரேட்டர்கள், ஜெட்டுகள் தனியாக டப்பாவில். தேய்ந்த புஷ்கள் (அசையும் பாகங்களுக்கு நடுவில் வரும் சிறு உருளைகள்), உடைந்த கைப்பிடிகள், வெடித்த ரப்பர் பீடிங் துண்டுகள்.

கடைசியில் சொன்ன தேய்ந்ததும் உடைந்ததும்தான் உங்கள் கண்ணுக்குப் பழைய இரும்பாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். லேத் பட்டறைக்காரரிடம் போய் 'ஒரு புஷ் போட்டுக் கொடுங்கள்' என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி 'மாதிரி இருக்கா?' என்பதுதான். கம்பெனி மூடிப் பல பத்தாண்டுகள் ஆன காருக்கு வரைபடம் எங்கே கிடைக்கும்? தேய்ந்த புஷ்தான் வரைபடம். முன் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கும் அப்படித்தான். வெடித்துப் போன ஒரு துண்டைக் கொண்டு போனால் அதன் குறுக்கு வெட்டைப் பார்த்து டை, அதாவது அச்சு, செய்து வார்த்துத் தருவார்கள். ஆனால் ஒரு காருக்கு மட்டும் செய்ய மாட்டார்கள், மொத்தமாக வாங்க வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், தன் சேமிப்பிலிருந்து பணம் போட்டு ஹெரால்டு பீடிங்கை மொத்தமாகச் செய்து வாங்கினார். அடக்க விலைக்குக் கொடுத்தார். பணம் இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுத்தார். என் காரில் இன்று மழைத்தண்ணீர் இறங்காமல் இருப்பது அவரால்தான். மீதி இருந்த பீடிங் சுருள்கள் அந்த அறையில்தான் இருக்கின்றன. நாளை அதை ஏலத்தில் எடுப்பவர் என்ன விலை சொல்வார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஹெரால்டு வைத்திருப்பவன். ஆகவே அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது நம் ஊர்க் கார். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்த காரின் இந்திய வடிவம், மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. அங்கே அது கடைசி வரை இரண்டு கதவுக் கார்தான். அம்பாசடரும் ஃபியட்டும் நான்கு கதவோடு ஓடிக்கொண்டிருந்த ஊரில் இரண்டு கதவை வைத்துக்கொண்டு எப்படி விற்பது? அதனால் 1960களின் பிற்பகுதியில் இங்கேயே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. 1970களில் கெஸல் என்ற அடுத்த மாடல் வந்தது, அதுவும் 1977-இல் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள், ஓடவில்லை. 1988-இல் கார் உற்பத்தி முடிந்தது. அந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹெரால்டின் இன்ஜின் சாமானையும் சஸ்பென்ஷன் சாமானையும் இங்கிலாந்திலிருந்து இன்றைக்கும் வரவழைக்கலாம், அங்கே புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஆனால் நான்கு கதவுக் காரின் பின் கதவையோ அதன் கண்ணாடியையோ பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் அங்கே வாங்க முடியாது. இந்த நாட்டில் யாராவது ஒருவர் வைத்திருந்து, மனமிருந்து கொடுத்தால்தான் உண்டு. நம் அறையில் இருக்கும் பின் கதவுகளின் மதிப்பு இதுதான். ஏலத்தில் அவை ஏதாவது உணவகத்தின் சுவரில் அலங்காரமாக மாட்டப்படலாம். பழைய காரை அறுத்து சோபா செய்வதும் பில் போடும் மேசை செய்வதும் இப்போது பெரிய வியாபாரம். ஒரு காரின் கதவு போனால் அந்தக் கார் சாலைக்கு வராது என்பது வாங்குகிறவருக்குக் கவலையே இல்லாத விஷயம்.

ஹெரால்டின் கட்டமைப்பையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு முழு பாடியை அச்சடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் தனி சேஸி (அடிச்சட்டம்) வைத்து, பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும்படி செய்தார்கள். பானெட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இதனால் என்ன நன்மை என்றால், ஓடாமல் போன ஒரு ஹெரால்டைக் கழற்றி நான்கைந்து ஹெரால்டுகளுக்கு உயிர் கொடுக்கலாம். நம் சங்கத்தில் ஓடும் ஹெரால்டுகளில் எதை எடுத்தாலும் அதில் வேறொருவரின் காரிலிருந்து வந்த ஏதோ ஒன்று இருக்கும். யாரும் விலை பேசி வாங்கியதில்லை. கேட்டோம், கொடுத்தார்கள்.

பொருளைவிட பெரிதாகக் கொடுத்தது ஒன்று உண்டு. என் கார் கைக்கு வந்த புதிதில், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையில் ஒரு பெரியவர் முன் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, 'தம்பி, ட்ரன்னியனுக்கு என்ன போடுறீங்க?' என்று கேட்டார். மெக்கானிக் கிரீஸ் அடிப்பதாகச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ் முனையில் மரை இருக்கும். அது பித்தளை ட்ரன்னியனுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். அதற்கு வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் சரியாக இறங்காது, நாளாக ஆகக் கட்டியாகிவிடும். தண்ணீர் புகுந்து இரும்பு அரிக்கும். ஒரு நாள் மரை இருக்கும் இடத்தில் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் பயம், எண்பதில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் அன்றைக்கே என் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சட்டையெல்லாம் கறை. இரண்டு பக்கமும் கழற்றி, சுத்தம் செய்து, அறையில் இருந்த ஒரு நல்ல தண்டை எடுத்து ஒரு பக்கத்துக்கு மாட்டினார். தேய்ந்ததை அறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், மாதிரிக்கு ஆகும் என்று. கூலி என்று பேச்செடுத்தேன், முகம் சுருங்கிவிட்டது. 'அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுங்க, போதும்' என்றார். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பின் ஹெரால்டு வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

லூகாஸ் கம்பெனியின் மின் ஒயர் நிறங்களும் அப்படி வந்த பாடம்தான். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேரே, வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, பச்சை அதற்குப் பிறகு ஃபியூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், தெரியாமல் பேட்டரியை மாற்றிப் போட்டுவிடாதே என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் இதற்காகச் செய்தவை இல்லை, ஊறி வெடிக்கின்றன. எந்த ஹோஸ் தாங்கும், எங்கே கிடைக்கும் என்று இன்று உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் நடப்பது அந்த அறையைச் சுற்றித்தான். அங்கே வந்து ஒரு சாமானைத் தேடும்போதுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. சாமான் போனால் ஆள் வரமாட்டார்கள், ஆள் வராவிட்டால் பேச்சும் இல்லை.

புதுச்சேரி போகும் வழியில் திண்டிவனத்துக்கு முன்னால் என் கார் நின்றுபோனதும், அங்கிருந்து நம் உறுப்பினர் ஒருவர் வந்ததும் உங்களில் சிலருக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் விரிசல். மாற்றுக் கேப் நம் அறையில் இருந்தது, ஆனால் அறை சென்னையில். அவர் வீட்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த தன் ஹெரால்டின் கேப்பைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்கு மாட்டிவிட்டார். என்னோடு குடும்பம் இருந்தது, இருட்டத் தொடங்கியிருந்தது. 'நீங்க ஊர் போய்ச் சேருங்க சார், என் வண்டி வீட்லதானே நிக்குது' என்றார். அவருக்கு அறையிலிருந்து ஒரு கேப் போய்ச் சேரும் வரை அவர் கார் நகரவில்லை. தன் கார் நிற்கலாம், அடுத்தவர் நடுவழியில் நிற்கக் கூடாது என்று நினைக்கும் மனிதர்களை வைத்துத்தான் இந்தச் சங்கம் நடக்கிறது.

அப்புறம், அறையின் மூலையில் இருக்கும் பச்சை டிரங்குப் பெட்டி. அது யாருடையது என்று உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அவர் காலமான பிறகு அவர் மனைவி நம்மை அழைத்துக் கொடுத்தது. பழைய இரும்புக்காரர் நல்ல விலை சொல்லியிருந்தார், அந்த அம்மாவுக்குப் பணம் தேவைப்படாத நிலையும் இல்லை. ஆனாலும், 'அவரோட கார்க்காரங்களுக்குத்தான் போகணும், விக்கக் கூடாது' என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்று பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். நம் சங்கத்தின் சார்பாகச் சரி என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தச் சரியை மீற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அறையில் இருக்கும் பெரும்பாலான பொருள்கள் சங்கம் காசு போட்டு வாங்கியவை அல்ல. ஓட்ட முடியாமல் போனவர்கள், வெளிநாட்டுக்குப் பிள்ளைகளோடு போனவர்கள், இறந்துபோனவர்களின் வீட்டார் கொடுத்தவை. சங்கம் அவற்றுக்குக் காவல் மட்டும்தான்.

இந்தக் காலத்தில் இதைச் செய்வது இன்னும் வருத்தமாக இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு ஆனால்தான் அதில் இடம். 1985-இல் வாங்கிய பத்மினிக்கோ அம்பாசடருக்கோ அங்கே இடமில்லை. அவை சாதாரணப் பழைய வண்டிக் கணக்கில் வருகின்றன. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-இல் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆனது. அதற்கு மேல் காப்பீடு, டிங்கரிங், பெயின்ட். ஓய்வூதியத்தில் வாழும் உறுப்பினருக்கு இது சின்னத் தொகை இல்லை. அப்பா ஓட்டிய அம்பாசடரைப் பிள்ளை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாலும் எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலை. அவரைத் தாங்கிப் பிடிப்பது, 'வாங்க, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் நம்மகிட்ட இருக்கு' என்று சொல்லும் ஒரு குரல்தான். அந்தக் குரலை நீங்கள் ஏலத்தில் விடுகிறீர்கள்.

உலக அளவில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. பழைய வாகனம் என்றால் காட்சிக்கு நிற்கும் தகரம் மட்டும் ஆகாது, அது ஓட வேண்டும், அதைப் பராமரிக்கும் அறிவும் கைவேலையும் அழியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் கண்காட்சி மேடையில் பேசுபவர்கள் ஃபீவாவின் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லது. அப்படியானால் அந்த அறிவும் பாகமும் இருக்கும் ஒரே அறையை விற்றுவிட்டு, ஹோட்டல் புல்வெளியில் மெருகேற்றிய கார்களை வரிசையாக நிறுத்துவது எப்படிப் பொருந்தும்? ஹோட்டலில் நடத்த வேண்டும் என்பதற்கு நான் எதிரி இல்லை. அதற்கு வேறு வழியில் பணம் திரட்டுங்கள். கேட்டால் நானும் தருவேன்.

உங்கள் தரப்பில் நியாயமான ஒரு குறை இருப்பதை மறுக்க மாட்டேன். அறையிலிருந்து இலவசமாக எடுத்துப்போன சாமானை வெளியே விலைக்கு விற்றவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் மனம் கசந்தது. எது இருக்கிறது, எது போனது என்று ஒழுங்கான கணக்கு இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காகக் கொடுத்த அத்தனை பேரையும் ஏமாற்றலாமா? கணக்கு இல்லாவிட்டால் கணக்கு எழுதலாம். வாடகை பாரமாக இருந்தால், தங்கள் வீட்டுக் காலி ஷெட்டைத் தரத் தயாராக இருக்கும் உறுப்பினர்கள் தாம்பரம் பக்கமும் அம்பத்தூர் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம்முடையது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம். நிர்வாகக் குழு பொதுக்குழுவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

ஏலத்தை உடனே நிறுத்திவையுங்கள், நிறுத்தியதை எழுத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவியுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். அறையின் எதிர்காலம் மட்டும் அன்றைய பொருளாக இருக்கட்டும். பொருள் கொடுத்தவர்களையும், காலமானவர்களின் குடும்பத்தாரையும் அழையுங்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் என்று வாசலில் நிறுத்தாதீர்கள்.

அறையில் இருப்பவற்றை முழுமையாகப் பட்டியல் எடுக்க வேண்டும், படத்தோடு. நானும் இன்னும் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இதைச் செய்து தருகிறோம், சங்கம் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம், சாவியை மட்டும் தாருங்கள். அதன் பிறகு சாமான் எடுப்பவர் பெயர், காரின் பதிவு எண், மாட்டிய பிறகு ஒரு படம், தேய்ந்த பழைய பாகம் திரும்ப வந்ததா என்பது ஏட்டில் இருக்கட்டும். வெளியே விற்றவருக்கு மறுபடி எதுவும் இல்லை என்று விதியே எழுதிவிடலாம்.

பச்சை டிரங்குப் பெட்டியை எந்த நிலையிலும் விற்கக் கூடாது. பொதுக்குழு பெரும்பான்மையாக வேறு முடிவெடுத்தாலும், அந்தப் பெட்டி கொடுத்த அம்மாவிடம் திரும்பிப் போக வேண்டும், அல்லது அவர் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒர்க்‌ஷாப் மேனுவல்களையும் ஒயரிங் படங்களையும் இனிச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்று சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் சொல்லியிருப்பதை நீக்குங்கள். ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் என்பது தெரியாமல் ஒருவர் சாலையில் போவது, அவர் நம் உறுப்பினராக இல்லாவிட்டாலும் நம் பொறுப்புதான்.

இந்த மடலுக்குச் சுற்றறிக்கையின் வழியாகவே பதில் தாருங்கள். ஏலத் தேதிக்கு முன் பதில் வராவிட்டால், பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் மனுவில் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் நீண்ட நாள் உறுப்பினர், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உரிமையாளர்,
சென்னை